ஷாக்குக்கும் தாகம் எடுக்கும்!

லீவுக்கு லண்டன் போனேன். சித்தப்பா பிக் பென் காட்டுவார்னு பார்த்தா, காட்டியது எண்ணெய் கசியும் ஒரு பெட்டி! 1971 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் ஷாக் அப்சார்பராம். சனிக்கிழமை அக்கா கல்யாணம். ஹாலுக்கு இந்தக் கார்லதான் போகணும்னு அவள் பிடிவாதம்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான கார் இது. நம்ம பைக்ல இருக்கிற குழாய் ஷாக் இல்லை. பெட்டிக்குள்ள பிஸ்டன், வெளியே ஒரு கை. சக்கரம் ஏறி இறங்கினா கை ஆடும். பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வால்வு வழியாத் தள்ளும். அந்தத் தடைதான் குலுக்கலை அடக்குது.

'கழட்டிட்டுப் புதுசு மாட்டலாமே?' என்றார் சித்தப்பாவின் நண்பர். முன்னாடி அது நடக்காது பாஸ்! அந்தக் கைதான் சஸ்பென்ஷனோட மேல்பக்க இணைப்பே. கழட்டினா சக்கரத்தைப் பிடிச்சுக்க ஆள் கிடையாது.

அழுக்கைத் துடைச்சிட்டுத்தான் மூடியைத் திறந்தோம். தூசி உள்ளே போனா வால்வுக்கு ஆபத்து. ஷாக் ஆயில் மட்டும் ஊத்தினோம், இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. மட்கார்டை அமுக்கி விட்டேன். ஒரே எம்பலில் நின்னுச்சு. சித்தப்பா விசிலே அடிச்சிட்டார்.

மறுநாள் காலையில் இடது பக்கம் மறுபடி ஈரம். சீல் போயிருக்கு, ரீகண்டிஷனுக்குத்தான் அனுப்பணும். 'சனிக்கிழமைக்கு வாடகை கார் சொல்லிடுங்க சித்தப்பா'ன்னேன். அக்கா ரெண்டு நாளா என்கிட்ட பேசலை.