தராசின் முகம்

கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் சேர்ந்த முதல் வாரம், தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடியே கூடிப் பேச வேண்டும் என்றார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், என்ன தடை? உலகத்துக்கே புதிய முறை என்ற பெருமிதம் அவர்கள் பேச்சில் இருந்தது. ஹட்டன்காரனான எனக்குப் பெரட்டுக்களம்தான் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலந்தொட்டுத் தோட்டத்தில் விடியற்காலையில் நின்றபடிதான் கூடுகிறார்கள். என்ன தடை என்று மட்டும் அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த முறைகளுக்கான பிரகடனத்தை 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதினார்கள். கருவிகளை விட மனிதர்களுக்கும், ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதற்கும் அது முதலிடம் தந்தது. நல்ல விடயந்தான். ஆனால் வாடிக்கையாளர் யார்? பணம் கொடுப்பவரா, கருவியின் முன் கூடையோடு நிற்பவரா?

ஒரு கொழுந்து மடுவத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது. ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையிலுள்ள தோட்டமொன்றில் மின்தராசு வந்திருந்தது. ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை. அதைக் காட்டினால் நிறை நேரே கணினிக்குப் போய்விடும். பெண்கள் முறையிடுகிறார்கள், பார்த்து வா என்று என்னை அனுப்பினார்கள். தராசைச் சோதித்தேன், பிசகில்லை. மென்பொருளிலும் கணக்குச் சரி.

பழைய தராசின் முள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை நிறையை உரக்கச் சொல்வார், பின்னால் நிற்பவளும் கேட்பாள். சாக்குக்கும் ஈரத்துக்குமென்று கழிக்கும்போது அங்கேயே சண்டை பிடிக்கலாம். இப்போது கழிவென்பது கணினியில் ஒருமுறை பதிந்துவிட்ட இலக்கம். நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவுக்குச் சற்றுக் குறைந்தாலும் அரைப்பேர்தான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி வந்தபின் அந்த அளவையே பல தோட்டங்களில் கூட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு கிலோ என்பது சின்ன விடயமல்ல.

"தம்பி, அந்த முள்ளு பொய் சொன்னாலும் எங்க கண்ணு முன்னாடி சொல்லிச்சு. இது எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது" என்றார் ஓர் அக்கா.

உண்மைதான். திரை கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டுமே இருந்தது. எங்கள் பலசரக்குக் கடையில் வாப்பா கடன் கொப்பியில் எழுதும்போது அதைப் பாதி எதிரே நிற்பவர் பக்கம் திருப்பி வைப்பார். எழுத்துத் தெரியாதவருக்கும் அப்படித்தான். அவர் எந்த முறையும் படித்தவரல்ல.

இதைப் படிப்பாகவே செய்தவர்களும் உண்டு. எரிக் ட்ரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாயிருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார்கள். இயந்திரம் வந்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஒருவருக்கொருவர் துணையாய் இயங்கிய சிறு குழுக்களைப் புதிய ஏற்பாடு உடைத்திருந்தது. 1953இல் அகமதாபாத் கலிக்கோ ஆலையின் தானியங்கித் தறிகளிடையே ஏ.கே. ரைஸ் கண்டதும் இதற்கு நெருக்கமானதே. அங்கே தொழிலாளர்கள் தாமே குழுக்களாகச் சேர்ந்த பிறகுதான் உற்பத்தி உயர்ந்தது. தொழில்நுட்பமும் சமூகமும் ஒரே அமைப்பின் இரு பக்கங்கள் என்ற சிந்தனை இங்கிருந்துதான் வளர்ந்தது.

அலுவலகம் திரும்பி எங்கள் திட்டக் கோப்பைப் புரட்டினேன். பயனர் என்ற தலைப்பின் கீழ் துரை, வெளிக்கள உத்தியோகத்தர், தலைமை அலுவலகம். கொழுந்து பறிப்பவள் தரவுப் பட்டியலில் இருந்தாள், அட்டை இலக்கமாக.

இரண்டு மாற்றங்கள் கேட்டேன்: பெண்கள் பக்கம் பார்க்கும் இன்னொரு திரை, மொத்த நிறை, கழிவு, மிகுதி மூன்றையும் தமிழில் அச்சிட்டுத் தரும் துண்டு. திரைக்குச் சம்மதித்தார்கள். துண்டுக்குக் கடதாசிச் செலவாம்.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன். புதிய திரை கழிவு போன மிகுதியை மட்டுமே காட்டியது. வரிசையில் இரண்டாவதாக நின்ற இளம்பெண் ஒவ்வோர் எண்ணையும் உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.