நாத்தனார் சொன்ன அரை ரத்தினம்

அன்புள்ள கோமதி,

உன் அக்வாமரின் தோட்டைப் பார்த்து, "இதெல்லாம் அரை ரத்தினம்தானே" என்று நாலு பேர் நடுவில் உன் நாத்தனார் சொன்னாளாமே! அவள் விரலில் மின்னுகிற மரகதமும் உன் காதில் கிடக்கிற கல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையா? இரண்டுமே பெரில் என்கிற கனிமம்தான். துளி குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் மரகதப் பச்சை. இரும்பு சேர்ந்தால் கடல் நீலம். நவரத்தினத்தில் ஒருத்திக்கு இடம் கிடைத்தது, இன்னொருத்திக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

இந்தப் பெரிலுக்குப் பழைய பிறந்த வீடுகளில் ஒன்று எது தெரியுமா? நம்ம காங்கேயம் பக்கத்துப் படியூர்! அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். அங்கே தோண்டத் தோண்ட மணிக்கல் பட்டறைதான்: துளை போடாத மணி, பாதியில் விட்ட மணி, வெட்டிக் கழித்த சில்லு. ஆப்கானிஸ்தானத்து மலையில் விளைகிற லாபிஸ் லசூலிகூடக் கிடைத்திருக்கிறது. எத்தனை கை மாறி வந்ததோ!

ரோமாபுரிக்காரர்களுக்கு இந்தப் பெரில் மேல் அப்படி ஒரு மோகம். பிளினி என்று ஒரு மனிதர், கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது செத்துப்போனவர். நம்மைப் பற்றி அவர் எழுதியிருப்பதைக் கேள். இந்தியர்களுக்கு நீளமான பெரில்தான் பிடிக்குமாம். தங்கம் வேண்டாத ஒரே கல் இது என்று பெருமையடித்து, யானை முடியில் கோத்துக் கட்டிக்கொள்வார்களாம். அதோடு விட்டாரா? பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் என்று போலி செய்யவும் கெட்டிக்காரர்களாம்! இன்னொரு பக்கம், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று ஒரே புலம்பல். அவர் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நம்ம வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசெல்லாம் பின்னே எப்படி வந்ததாம்?

1819-20இல்கூட ஹீத் என்கிற வெள்ளைக்காரர் படியூரில் 2,000-க்கும் மேலே கல் எடுத்து நல்ல காசு பார்த்தார். அப்போதும் யாரும் அதை அரை, கால் என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

செவ்வந்திக் கல்லின், அதாவது அமெதிஸ்டின், கதைதான் பாவம். ஒரு காலத்தில் ஐரோப்பிய ராஜாக்களும் பிஷப்புகளும் மாணிக்கத்துக்குச் சமமாக வைத்திருந்த கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலில் அது குவியல் குவியலாகக் கிடைக்க, விலை பொத்தென்று விழுந்துவிட்டது. கல் அதே கல்தான். எல்லாருக்கும் கிடைத்ததுதான் அது செய்த குற்றம்!

உன் மகளுக்கு மஞ்சள் சிட்ரின் வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. கடையில் கிடைக்கிற சிட்ரினில் முக்காலே மூணு வீசம் அந்தச் செவ்வந்திக் கல்லை உலையில் சுட்டு மஞ்சளாக்கினதுதான். அதனால் கல்லுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, விலைதான் அதற்கேற்ப இருக்க வேண்டும். "இது சூடு காட்டின கல்லா?" என்று சும்மா கேட்டுப் பார். கடைக்காரர் முகம் போன போக்கை எனக்கு விவரமாக எழுது.

உன்
சரோஜா