பியூரெட்டும் தராசும்



பாலக்கோட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது, வேதியியல் செய்முறை ஏட்டில் நான் எழுதிய பொய் ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்றைய பாடம் தரம் பார்த்தல். செறிவு தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் பியூரெட்டில் இருந்தது. கூம்புக் குடுவையில் 0.1 நார்மாலிட்டி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 20 மி.லி. அதில் பினாப்தலீன் இரு துளி விட்டால் இளஞ்சிவப்பாகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அந்நிறம் மறையும் கணத்தில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். ஒத்த அளவீடுகள் இரண்டு கிடைக்கும்வரை திரும்பச் செய்வதே முறை.

எனக்கு முதலில் 20.1 மி.லி. கிடைத்தது; அடுத்து 19.6. மணியடிக்கும் நேரம். மூன்றாம் முறை செய்யாமல், இரண்டாம் வரிசையிலும் 20.1 என்றே எழுதினேன். ஆசிரியர் கையொப்பமிட்டார்.

அன்று மாலை அத்தாவின் மளிகைக் கடையில் இருந்தேன். புளி நிறுத்து முடித்ததும் தராசுத் தட்டை அவர் ஈரத்துணியால் துடைத்தார். "தட்டுல ஒட்டியிருக்கிற புளியும் வாங்குறவங்க ஹக்குதாம்பா" என்றார். அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் வணிகர்களுக்கு மட்டுமே உரியது என எண்ணியிருந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, மீண்டும் செய்யச் சொன்னார். பியூரெட்டை நிரப்பியதும் திருகுக்குக் கீழே சுட்டிக்காட்டினார்: காற்றுக் குமிழ். அது வெளியேறினால் அவ்விடத்தை அமிலம் நிரப்பும்; குடுவையில் விழாத அமிலமும் கணக்கில் ஏறும். முந்தைய நாள் முதல் அளவீடு கூடியதன் காரணம் விளங்கிற்று. குமிழை நீக்கிச் செய்தேன்: 19.6, மீண்டும் 19.6.

20 × 0.1 ÷ 19.6 = 0.102 நார்மாலிட்டி, லிட்டருக்கு 3.72 கிராம் அமிலம். என் பொய்க்கணக்கில் 0.0995. சரியான அளவீட்டை அழித்துவிட்டுப் பிழையையே இருமுறை எழுதியிருந்தேன்.

வேறுபாடு சிறிதுதான். ஆயினும் நம் தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே குடிநீருக்கான வரம்பு. நீரைச் சோதிப்பவர் சோம்பலால் ஓர் எண்ணை மாற்றி எழுதினால், அதன் கறை பிள்ளைகளின் பற்களில் படியும். வலி எலும்புகளில் தங்கும்.

செய்முறைத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் அளவீட்டைக் கேட்போம். பியூரெட்டும் ஒரு தராசே. அளவையில் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.