டீசல் பிக்கப்: பவருக்கு முன்னாடி மீட்டர்!

அமெரிக்காவில் பழைய டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் எதையாவது பார்க்க நேர்ந்தால், டிரைவர் பக்கம் கண்ணாடியை ஒட்டிய தூணை முதலில் கவனியுங்கள். அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வட்ட மீட்டர்கள் இருந்தால், வண்டிக்காரர் எஞ்சினில் ஏதோ கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு அது பந்தா மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த வண்டியில் கூடுதலாக மாட்டிய சாமான்களிலேயே உருப்படியானது அந்த மூன்றும்தான்.

1989 மாடலில்தான் டாட்ஜ் பிக்கப்புக்குள் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வந்தது. வெறும் 160 குதிரைசக்தி! ஆனால் டார்க் 400 பவுண்டு-அடி. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. இவ்வளவு கனமான எஞ்சினை இவ்வளவு சாதுவாக விட்டுவைக்க அமெரிக்கர்களுக்கு மனசு வருமா?

டீசலில் பவர் ஏற்றுவது கேட்க ரொம்ப சுலபம். பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அளந்து விடும் வேலை இங்கே இல்லை. எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறதோ அவ்வளவு பவர். 1998 நடுவில் வந்த 24 வால்வு எஞ்சினில் பம்பே கம்ப்யூட்டர் சொல்படி நடப்பது, எனவே ஒயர்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, டீசல் பீய்ச்சும் நேரத்தை நீட்டினால் போதும். பானட்டைத் திறந்து மூடுவதற்குள் வேலை முடிந்துவிடும். சிக்கலே இந்த சுலபத்தில்தான் இருக்கிறது.

கூடுதல் டீசல் எரியப் போதுமான காற்று இல்லாவிட்டால் கரும்புகை வரும், கூடவே சூடும் ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். புகைக்குழாய் வாயுவின் சூடு 1250 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 677 செல்சியஸ், தாண்டி நீடிக்கக் கூடாது என்று டிரக்காரர்கள் வைத்திருக்கும் கணக்குக்குக் காரணம் அதுதான். கீழேயிருந்து பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சிக் குளிர்விப்பதால், நாலைந்து விநாடி தாண்டினால் ஒன்றும் ஆகாது. நாலைந்து நிமிடம் என்றால் கதை வேறு.

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் வரை ஏறுவதை நினைத்துப் பாருங்கள். 11,000 அடிக்கு மேல் உயரம், காற்று மெலிசு. பின்னால் பாரமான டிரெய்லர், பெட்டி முழு பவரில். டாஷ்போர்டில் தண்ணீர் முள் நல்ல பிள்ளையாக நடுவிலேயே நிற்கும். பிஸ்டன் தலையில் என்ன நடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பைரோமீட்டர் முள் ஏறுவதைப் பார்த்து கியரைக் குறைத்து, காலை எடுப்பவர்தான் எஞ்சினோடு மேலே போய்ச் சேருவார்.

இந்த மீட்டரின் உணரியை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் ஓட்டை போட்டு வைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வேலை எளிது, ஆனால் காட்டும் சூடு குறைவு, மெதுவாகவும் காட்டும். பாதிப் பொய் சொல்லும் மீட்டருக்கு எதற்குக் காசு? ஓட்டை போடும்போது இரும்புத் தூள் உள்ளே விழுந்து டர்பைனைக் கெடுக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. டிரில் முனையில் கிரீஸ் தடவுபவர்கள் உண்டு, காந்தம் விட்டு எடுப்பவர்கள் உண்டு, எஞ்சினை ஓட விட்டே துளைத்து புகையோடு தூளை வெளியே தள்ளுபவர்களும் உண்டு. டர்போவையே கழற்றிவிடுவது வேலை அதிகம், ஆனால் ராத்திரி தூக்கம் வரும் :-)

இரண்டாவது மீட்டர்தான் இந்த மாடலின் உயிர்: டீசல் பிரஷர். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன மின்சார பம்ப், பாஷ் கம்பெனியின் விபி44 என்ற பெரிய பம்புக்கு டீசல் தள்ளும். அந்தப் பெரிய பம்புக்குக் குளிர்ச்சி, வழுவழுப்பு எல்லாமே உள்ளே ஓடும் டீசல்தான். சின்னது செத்தாலும் பெரியது தானே உறிஞ்சிக்கொண்டு ஓடும். வண்டியும் ஓடும், விளக்கும் எரியாது. ஒருநாள் விலை கூடிய விபி44 நடுரோட்டில் படுத்துவிடும். 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் உஷார் என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. அதைக் காட்ட கம்பெனி ஒரு முள்கூட வைக்கவில்லை! பெட்டியே மாட்டாத வண்டிக்கும் இந்த மீட்டர் அவசியம். டீசல் குழாயை மட்டும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது, கசிந்தால் கால் மேலேயே ஊற்றும். மின் உணரி வைத்து ஒயரை மட்டும் உள்ளே எடுக்கலாம். ஆனால் பம்பின் துடிப்பு நேராக உணரியில் இடித்தால் அது சீக்கிரம் போய்விடும், எனவே நடுவில் ஒரு ஊசி வால்வு வேண்டும்.

மூன்றாவதாக சிலர் டர்போ பூஸ்ட் மீட்டர் வைப்பார்கள், ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர்பாக்ஸ் ஆயில் சூடு. பாரம் இழுப்பவருக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனம்.

பின்னாளில் வந்த வண்டிகளில் ஆசை பெட்டியோடு நிற்காமல், புகை வடிகட்டியையே கழற்றும் அளவுக்குப் போனது. அப்படிக் கழற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்குச் சொன்னது. அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு மீட்டர் எதுவும் கிடையாது.

பைரோமீட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலை ஏறி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிட்டால், சூடான டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கரியாகிவிடும். முள் 350 பாரன்ஹீட்டுக்குக் கீழே வரும்வரை எஞ்சினை ஓட விட வேண்டும். பெட்ரோல் பங்கில் பக்கத்து வண்டிக்காரர் ஏன் இறங்காமல் தூணையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், இதற்குத்தான்.