அடுத்த முறை எங்கே உடைய வேண்டும்

அலமாரியிலிருந்து டாங்கியின் சிறு மாதிரி உருவம் ஒன்று விழுந்தால் பெரும்பாலும் முதலில் போவது ஏரியல் கம்பி. அடுத்தது பீரங்கிக் குழல். போர் விமானமென்றால் சக்கரக் கால்களும் இறக்கை நுனியும். கப்பலென்றால் மேல்தளத்தைச் சுற்றி ஓடும் கைப்பிடிக் கம்பிகள். சிப்பாயென்றால் துப்பாக்கி முனைக் கத்தி, மணிக்கட்டு, கணுக்கால். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் என் வீட்டில் இவற்றைச் சரிசெய்வதற்கென்றே ஒரு மேசை போட்டிருக்கிறேன். சேகரிப்பவர்கள் உடைந்ததை ஐஸ்கிரீம் டப்பாவிலோ பிஸ்கட் டின்னிலோ போட்டு எடுத்து வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “பழையபடி ஆக்கித் தர முடியுமா?”

முடியும். ஆனால் அது பாதி வேலை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கும் பொருளை ஒட்டுகிறவர், அது மறுபடி விழாது என்று ஓரளவு நம்பலாம். வீடு அப்படியில்லை. துடைக்கிறோம், இடம் மாற்றுகிறோம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை வந்து உரசுகிறது. ஒருமுறை விழுந்தது இன்னொரு முறையும் விழும். அடுத்த முறை அது எங்கே உடைய வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து வைப்பதுதான் மீதிப் பாதி வேலை. இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் முக்கியமானது இதுவே.

என் மேசைக்கு அடிக்கடி வரும் வண்டி ஏஎம்எக்ஸ்-13. பிரான்சில் வடிவமைக்கப்பட்ட இந்த இலகு டாங்கியைச் சிங்கப்பூர் இஸ்ரேலிடமிருந்து வாங்கியது. 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி தேசிய தின அணிவகுப்பில் மக்கள் அவற்றை முதன்முதலாகப் பார்த்தார்கள். சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகள் ஆன நாடு அது. தேசிய சேவையில் அந்த வண்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இன்று தாத்தாக்கள். தாங்கள் ஓட்டிய வண்டியை 1:35 அளவில் வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். சிலர் தங்கள் படைப்பிரிவின் எண்ணையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது விழுந்து உடையும்போது அவர்கள் முகம் வாடுவது விலையை நினைத்தல்ல.

நிஜ வண்டியின் உடல் நீளம் 4.88 மீட்டர், பீரங்கியையும் சேர்த்தால் 6.36 மீட்டர். 35ஆல் வகுத்தால் உடல் சுமார் 14 சென்டிமீட்டர். குழல் அதற்கு முன்னால் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த டாங்கியின் தலை இரண்டு துண்டு. கீழ்ப்பாதி பக்கவாட்டில் திரும்பும். மேல்பாதி பீரங்கியோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். மாதிரியில் இந்த இரண்டையும் இணைப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குமிழ்கள் மட்டுமே. குழல் முனை தரையில் பட்டால் அந்த 4 சென்டிமீட்டரும் நெம்புகோலாகி, முழு அடியும் குமிழ்களுக்குப் போய்ச் சேரும். அதனால்தான் பல சமயம் குழல் நேராகவே இருக்க, தலை மட்டும் கழன்று வருகிறது.

குமிழை மாதிரி கட்டுவதற்கான சிமென்ட் வைத்து ஒட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்தச் சிமென்ட் உண்மையில் பசையே அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகிற கரைப்பான். ஒட்டு காய்ந்ததும் அங்கே இரண்டு துண்டு இல்லை, ஒன்றுதான். கேட்க நன்றாக இருக்கும். அடுத்த முறை விழும்போது குமிழ் அசையாது. அடி வேறு இடம் தேடிப் போய்த் தலையின் மெல்லிய சுவரைப் பிளந்துவிடும். குமிழ் உடைந்தால் அரை மணி நேர வேலை. சுவர் பிளந்தால் புட்டி அடைத்து, தேய்த்து, மறுபடி முழுக்க வண்ணம் தீட்ட வேண்டும். உரியவர் கையால் எழுதிய எண்ணும் அதோடு போய்விடும்.

நான் செய்வது வேறு. குமிழ்களைச் சீவி எடுத்துவிட்டு, மேல்பாதிக்குள்ளும் கீழ்ப்பாதிக்குள்ளும் 2 மில்லிமீட்டர் நியோடைமியம் காந்தங்களைப் பதிப்பேன். துருவம் மாறிவிடாமல் இருக்கப் பதிக்கும் முன்பே பேனாவால் ஒரு பக்கம் புள்ளி வைத்துக்கொள்வேன். தலை உறுதியாக உட்காரும், பீரங்கி ஆடவும் செய்யும். விழுந்தால் தலை முழுசாகக் கழன்று ஓடும். எடுத்துத் திரும்ப வைத்தால் போதும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் செய்கிற வேலையை இந்தக் காந்தம் செய்கிறது.

ஏரியலுக்கும் இதே கணக்கு. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கம்பியையோ, துண்டுகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைச் சூடாக்கி இழுத்த இழையையோ திரும்ப ஒட்டுவதில்லை. மீள்தன்மையுள்ள மெல்லிய நூலோ நைலான் இழையோ பொருத்துகிறேன். துடைக்கும் துணி பட்டால் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிடும்.

உலோகச் சிப்பாய்களில் பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகுவது வழக்கம். மணிக்கட்டில் 0.5 மில்லிமீட்டர் துளை போட்டு, கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் சூப்பர் குளு வைத்தால் கை இனி உடையாது. உடையாதுதான், அடுத்த அடியில் முழங்கை உடையும். எனவே கம்பியை ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவேன். மறுபக்கத்தில் ஒரு துளி வெள்ளைப் பசை. பக்கவாட்டு அசைவைக் கம்பி தாங்கும். இழுப்பு வந்தால் வெள்ளைப் பசை விட்டுவிடும். வளைந்த துப்பாக்கியை நிமிர்த்தும்போதும் அவசரப்படக் கூடாது. வெள்ளீயக் கலவை ஒருமுறை வளைவதைப் பொறுக்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் அந்த இடத்திலேயே விண்டுவிடும்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளே குடைவான ஈயச் சிப்பாய்களை வார்த்து விற்றது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் சிப்பாயின் தலை போவது வாடிக்கை. அதற்கு வீடுகளில் ஒரு தீக்குச்சி வைத்தியம் இருந்தது. கழுத்துக்குள் பாதி, தலைக்குள் பாதியாகக் குச்சியைச் செருகிவிடுவார்கள். அப்படி ஒட்டுப்போட்ட சிப்பாய்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உண்டு. மறுபடி விழுந்தால் குச்சிதான் ஒடியும், ஈயக் கழுத்து பிழைத்துக்கொள்ளும். அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட்டு எஃகு ஊசி வைக்கச் சொல்கிறவர்களிடம், குச்சியை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மாற்றுத் துண்டு கிடைக்கிற மாதிரிகளைவிடக் கையால் செய்தவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணி படைப்பிரிவின் சிப்பாய் ஒருத்தியை 54 மில்லிமீட்டர் உயரத்தில் செய்து கொடுத்தேன். வேறொரு உருவத்தின் உடலை எடுத்து, காக்கிச் சட்டையையும் தொப்பியையும் எபாக்சி புட்டியில் செதுக்கியது. நேதாஜி 1943ல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் படைப்பிரிவின் பயிற்சி முகாம் அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் அதில் ஏராளம். இந்த உருவத்தைக் கேட்டவருடைய குடும்பமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். சாமிப் படங்களுக்குப் பக்கத்து அலமாரியில் அவளை வைத்திருந்தார்கள். விழுந்ததில் துப்பாக்கி ஒரு பக்கம், அதைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு பக்கம். விரல்களைப் புதிதாகச் செதுக்கினேன். துப்பாக்கியை மட்டும் விரல்களோடு ஒட்டவில்லை. தோளில் ஒரே புள்ளியில் பசை, விரல்களுக்கு நடுவே சும்மா செருகல். இனி விழுந்தால் துப்பாக்கி கழலும், கை தப்பிக்கும். துப்பாக்கி வேறு வாங்கிவிடலாம். அந்தக் கையை வாங்க முடியாது.

உடைந்ததெல்லாம் விழுந்ததால் மட்டும் உடைந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். புதிய மரப்பலகை அலமாரி மெல்ல வெளிவிடும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்தால் ஈயச் சிப்பாயின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது நஞ்சு. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், பிள்ளைகள் பக்கம் போகவே கூடாது. பழைய டாங்கிகளில் சங்கிலிச் சக்கரத்தின் மென்மையான வினைல் பட்டை, தன்னில் இருக்கும் எண்ணெய் போன்ற பொருளைக் கசியவிட்டு, அடியிலுள்ள பிளாஸ்டிக் சக்கரங்களை இளக்கிவிடும். மேற்கு வெயில் நேரே விழும் அலமாரியில் மாதிரியின் மேல் ஒட்டிய சின்னங்கள் (டீக்கால்) மஞ்சளடிக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பல ஆண்டுகளாக உள்ளுக்குள் நடந்த இந்தச் சேதத்தைத் துடைப்பவரின் கைதான் ஒரு நொடியில் வெளிக்கொண்டு வருகிறது. பழி முழுக்க அந்தக் கைக்குப் போகிறது.

மாதிரிகள் உடைவதற்குக் குவீன்ஸ்டவுனில் இன்னொரு காரணமும் உண்டு. இது சிங்கப்பூரின் முதல் துணைநகரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய முதல் புளோக்குகள் 1960ல் ஸ்டெர்லிங் ரோட்டில்தான் எழுந்தன. பழைய பேட்டை என்பதால் வீடு மாறுகிறவர்கள் அதிகம். 2014ல் டாங்லின் ஹால்ட்டில் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்கு எடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். டாசனில் புது வீடு வாங்கிப் போனவர்கள், பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த கண்ணாடி அலமாரிகளை முதன்முறையாகக் காலி செய்தார்கள். வீடு மாறும்போது உடைந்தவை தனி ரகம். விழுந்த மாதிரியில் ஒரு பக்கம்தான் அடி இருக்கும். கட்டி எடுத்துப் போனதில் எல்லாப் பக்கமும் நசுங்கியிருக்கும்.

நம் வீடுகளில் கொலு பொம்மையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். மண் பொம்மைக்கு அது சரி. அதன் உடல் மொழுமொழுவென்று இருக்கும், அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். டாங்கியையும் சிப்பாயையும் அப்படிச் சுற்றினால் துணி முதலில் கவ்வுவது நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைத்தான். எனவே மாதிரியின் மேல் எதுவுமே படக்கூடாது. அடிப்பலகையில் திருகாணி போட்டு அதைப் பெட்டியின் அடியோடு பிணைத்துவிட வேண்டும். சுற்றிலும் வெறும் காற்று இருக்கட்டும். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, பஞ்சோ நுரையோ இரண்டு பெட்டிக்கும் நடுவில் அடைக்க வேண்டும். வண்டி குலுங்கும்போது மாதிரியும் பெட்டியும் ஒன்றாகக் குலுங்கும், ஒன்றை ஒன்று இடிக்காது.

உடைந்தவுடன் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விசிறியை நிறுத்துங்கள். யாரையும் அந்தப் பக்கம் நடக்க விடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். மணல் அளவு துண்டுக்குக்கூட நீள நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். கட்டிலுக்கு அடியில் கை எட்டாவிட்டால் வேக்கம் குழாயின் வாயில் பழைய காலுறையை மாட்டி உறிஞ்சுங்கள். துண்டு காலுறையில் நிற்கும். கிடைத்ததையெல்லாம் ஒரே டப்பாவில் போடுங்கள். சூப்பர் குளுவைத் தொடாதீர்கள். தப்பாக ஒட்டியதைக் கழற்ற அசிட்டோன் வேண்டும். உலோகத்தை அது ஒன்றும் செய்யாவிட்டாலும் அதன் மேலுள்ள வண்ணத்தையும் பாலிஸ்டைரீனையும் கரைத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் துண்டு இல்லாமல் வருகிறவைதான் அதிகம். சில மாதங்களுக்கு முன் பக்கத்து புளோக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது கணவருடைய ஹண்டர் போர் விமான மாதிரியின் சக்கரக் கால் போய்விட்டது.

“தம்பி, அவர் வெளியூர்லேர்ந்து வரதுக்குள்ள ஒட்டிக் கொடுத்துருப்பா.”

“ஒடஞ்ச காலு எங்கக்கா?”

“பயத்துல கூட்டி அள்ளிக் குப்பையில போட்டுட்டேன்.”

கம்பியையும் புட்டியையும் வைத்துப் புதுக் கால் செய்து கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் விமானத்தைவிட முன்னால் சரிசெய்ய வேண்டியது அந்தப் பயத்தை. திட்டு விழும் வீட்டில் துண்டுகள் குப்பைக்குப் போகும். பணிப்பெண் மறைப்பார், பிள்ளை சோபாவுக்கு அடியில் தள்ளிவிடும். விழுந்ததால் தொலைந்த துண்டுகளைவிட மறைத்ததால் தொலைந்தவையே என் மேசையில் அதிகம்.

அதனால்தான் காந்தமும் வெள்ளைப் பசையும் எனக்கு வெறும் தொழில்நுட்பம் அல்ல. வேலை முடிந்து கொடுக்கும்போது வீட்டிலுள்ள எல்லாரையும் வரச் சொல்வேன். எது கழலும், கழன்றால் எப்படித் திரும்ப மாட்டுவது என்று துடைக்கிறவரின் கையில் கொடுத்தே காட்டுவேன். அடிப்பலகையின் கீழே ஒரு சீட்டில் தேதி, வைத்த பசை, கழலும் இடம் எல்லாம் எழுதி ஒட்டுவேன். அடுத்து இதைத் திறக்கப்போகிறவர் நானாக இல்லாமலும் இருக்கலாம். சேகரிப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் மாதிரிகளைத் தொடக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லாதீர்கள். எப்படித் தொட வேண்டும், கழன்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.