தண்டவாளம் இல்லாத மலை

சுற்றுவட்டாரத்தில் எங்குமே தண்டவாளம் இல்லாத ஒரு மலையுச்சியில் ரயில் எஞ்சின் ஊதும் சத்தத்தை நேயர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். சென்ற வருஷம் நான் கேட்டேன். ஜாவாத் தீவில், பாண்டுங் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள கமோஜாங் மலைக்கு அதைக் கேட்பதற்கென்றே போயிருந்தேன்.

மஜலாயா என்னும் நெசவாளர் ஊரைத் தாண்டியதும் வயல்கள் பின்தங்கி, கோசும் உருளைக்கிழங்கும் விளையும் மேட்டு நிலங்கள் வருகின்றன. பிறகு நெஞ்சை அடைக்கும் ஏற்றம். ஒரு மஞ்சள் நிறப் பாலத்தைக் கடந்தால் காற்றே மாறிவிடுகிறது. 5,000 அடிக்கு மேல் வந்துவிட்டோம் என்பதைக் காது முதலில் சொல்லிற்று. கம்பளிச் சட்டையை மறந்து வந்த என் புத்தியை உடம்பு பிறகு நொந்து கொண்டது. பாதையோரமாகப் பளபளவென்று பெரிய குழாய்கள் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்கின்றன. அவற்றினுள்ளே ஓடுவது தண்ணீர் அன்று, பூமியின் நீராவி.

மழை நீர் பாறைப் பிளவுகள் வழியாக இறங்கி, எரிமலையின் உள் உஷ்ணத்தால் ஆவியாகி, அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. கிணறு தோண்டி அதற்கு வழி விட்டால் அது சீறிக்கொண்டு மேலே வந்து டர்பைனைச் சுழற்றுகிறது. நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆறிய நீரை மறுபடி பூமிக்குள்ளேயே செலுத்தி விடுகிறார்கள்.

நான் தேடிப்போன இடத்துக்கு 'கவா கெரேத்தா ஆப்பி' என்று பெயர். கவா என்றால் எரிமலை வாய். கெரேத்தா ஆப்பி என்றால் ரயில்; வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் 'தீ வண்டி'. நாம் புகைவண்டி என்றோம். அவர்கள் தீ வண்டி என்கிறார்கள். இங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. 1926-ஆம் வருஷம் டச்சுக்காரர்கள் தோண்டிய 66 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றுதான் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அது ஆவியைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. காவலராக நிற்கும் பெரியவர் ஒரு மூங்கில் குழாயை அந்த ஆவியிலே பிடித்தார். 'கூ' என்ற ஊதல் மலையெல்லாம் எதிரொலித்தது. நான் சுற்றுமுற்றும் பார்த்து அசடு வழிந்தேன்.

"இந்த ரயில் புறப்பட எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா?" என்று கேட்டார் உடன் வந்த பாண்டுங் நண்பர். எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கணக்குப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. அந்த நாளில் டச்சுக்காரர்கள் ஐந்து கிணறுகள் தோண்டினார்கள். இந்த ஒன்று மட்டும் பலித்தது. பிறகு கைவிட்டுப் போய்விட்டார்கள். சுதந்திர இந்தோனேஷியா 1970-களில் நியூஜிலாந்தின் உதவியுடன் மீண்டும் இங்கே வந்தது. 30 மெகாவாட் மின்சாரம் தரும் முதல் நிலையம் திறக்கப்பட்டது 1983-ல். இடையே 57 வருஷங்கள்! இன்று கமோஜாங்கில் மட்டும் 235 மெகாவாட்டுக்கு யந்திரங்கள் இருக்கின்றன.

சரி, ஒரு முறை வழி தெரிந்த பிறகு மற்ற மலைகளில் வேலை மளமளவென்று நடந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. எரிமலைகள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தத் தேசத்தில் இப்படிச் சுமார் 24,000 மெகாவாட் கிடைக்கலாம் என்பது சர்க்கார் மதிப்பு. 2024-ல் அமைந்திருந்ததோ சுமார் 2,600. உலகிலே அமெரிக்காவுக்கு அடுத்தபடி இதுதான் என்றாலும், கையிலிருப்பதில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். இங்கே பூசாரி ஒரு வார்த்தை: 'சுரங்கம்.' 2003-ல் இயற்றிய சட்டம், பூமி உஷ்ணத்தை எடுப்பதைச் சுரங்கத் தொழிலோடு சேர்த்துவிட்டது. 1999-ஆம் வருஷத்து வனச் சட்டமோ, பாதுகாக்கப்பட்ட காடுகளில் திறந்தவெளிச் சுரங்கம் கூடாதென்றது. எரிமலைகள் எங்கே இருக்கின்றன? காட்டுக்குள்ளேதான்! ஒரு இலாகா 'தோண்டு' என்றது. இன்னொரு இலாகா 'தொடாதே' என்றது. போதாக்குறைக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரமும் பிரிந்து கிடந்தது. மலை ஒரே ஜில்லாவில் இருந்தால் ஜில்லாத் தலைவர், இரண்டில் கால் வைத்திருந்தால் மாகாண கவர்னர், இரண்டு மாகாணங்களில் பரவியிருந்தால் ஜகார்த்தாவிலுள்ள மந்திரி. எரிமலைக்கு ஜில்லா எல்லை தெரியுமா, பாவம்!

காத்திருப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு கிணறு தோண்டப் பல லக்ஷம் டாலர் வேண்டும். தோண்டிய பிறகு ஆவி இல்லாமலும் போகலாம். கடன் வாங்கி மனை வாங்கியவர், வீட்டுப் பிளான் மஞ்சூராகும் வரை வட்டியும் கட்டி வாடகையும் கொடுக்கும் அவஸ்தையை நம் குடும்பங்கள் அறியும். அதையே கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள். சுமாத்ராவில் சருல்லா என்ற இடத்துக்கு ஒப்பந்தம் 1993-ல் ஆயிற்று. 1997-ல் வந்த பண நெருக்கடி குறுக்கிட்டது. பிறகு கைமாறிக் கைமாறி, முதல் யந்திரம் ஓடியது 2017-ல். நண்பர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

2014-ல் புதிய சட்டம் வந்தது. 'சுரங்கம்' என்ற வார்த்தையை அது அகற்றிற்று. மின்சாரத்துக்கான லைசென்ஸ் மத்திய சர்க்காரின் கையில் சேர்ந்தது. உள்ளூர் நிர்வாகத்துக்கு வருமானத்தில் ஒரு பங்கு என்று ஏற்பாடாயிற்று. மறு வருஷம் பல மந்திரி காரியாலயங்களின் அனுமதிகளை ஒரே ஜன்னலில் பெறும் முறையைத் திறந்தார்கள். "ஜன்னல் ஒன்றுதான். அதற்குப் பின்னால் அறைகள் பழையபடியே இருக்கின்றன" என்று நண்பர் முணுமுணுத்தார். இருந்தாலும் முன்னைக்கு இது மேல் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார்.

நம் நாட்டிலும் லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கில் 1970-களிலேயே துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்திய சர்க்கார் இதற்கென்று தேசியக் கொள்கையை வெளியிட்டது 2025-ல். ஆகவே ஜாவாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கொஞ்சம் குறைவு.

ஆனால் எல்லாத் தாமதமும் வீண் தாமதமா? 2021 ஜனவரியில், வடக்கு சுமாத்ராவில் சொரிக் மராப்பி மலையடிவாரத்தில், ஒரு கிணற்றைத் திறந்தபோது விஷ வாயு வெளியேறியது. ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. பாலித் தீவின் பெடுகுல் மலையில் தோண்டிய கிணறுகள் நின்றே போயின. அந்த மலை தங்களுக்குப் புனிதம் என்று ஜனங்கள் ஒரே பிடியாக இருந்தார்கள். இந்தக் கமோஜாங்கிலேயே, பாதுகாப்புக் காட்டின் ஒரு பகுதியை 2018-ல் உல்லாசப் பிரயாண வனமாகத் தரம் மாற்றியபோது, பாண்டுங்கில் இயற்கை அன்பர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

ஒரே காகிதத்தை நாலு காரியாலயங்கள் நாலு தரம் கேட்பது கால விரயம். அதை வெட்டித் தள்ளவேண்டியதுதான். காற்றில் என்ன வாயு இருக்கிறதென்று அளப்பதும், கீழே உள்ள கிராமத்தாரின் ஊற்று வற்றுமா என்று பார்ப்பதும், அவர்களிடம் முகத்துக்கு முகம் கேட்பதும் தாமதமல்ல. கிணறு தோண்டுவது போலவே அவையும் வேலையின் பகுதி. அவசரத்திலே இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். நண்பரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, எஞ்சினீயர் அல்லவா?

இருட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து, "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று கூவிற்று. பெரியவர் மூங்கிலை எடுத்தார். அதற்குள் ஒரு சிறுமி வேலியின் பக்கம் ஓடிவிட்டாள். அவர் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக நடந்து போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஆசிரியையிடம் ஒப்படைத்தார். பிள்ளைகள் பொறுமையிழந்து குதித்தார்கள். எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகுதான் ஊதினார்.