வேலிக்கு அப்பால் ஓடிய மான்

டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினிலிருந்து வடமேற்கே சுமார் 75 மைல் காரில் போனால் லானோ என்ற சிற்றூர் வரும். கருங்கல் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே பாறையெல்லாம் இளஞ்சிவப்பு! 'டெக்ஸாஸின் மான் தலைநகரம்' என்று இவ்வூர் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைவால் மான்கள் அவ்வளவு ஏராளம்.

மான் இருக்கிறதே என்று வில்லை எடுத்துக்கொண்டு எங்கும் நுழைந்துவிட முடியாது. மாநிலத்தில் நூற்றுக்குத் 90 பங்குக்கு மேற்பட்ட நிலம் தனியார் சொத்து. வேலிக் கம்பத்தில் ஊதாச் சாயம் தீட்டியிருந்தால் 'உள்ளே வராதே' என்று பொருள். 1997 முதல் அது சட்டம். ஆகவே, வேட்டைக்காரர் நிலச் சொந்தக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்டுகிறார். பதிலுக்குக் கிடைப்பவை கேட்டின் சாவி, நிலத்தின் வரைபடம், மரத்தில் ஒரு பரண். வழிகாட்ட ஆள் கிடையாது. மற்றதெல்லாம் அவர் பாடு!

துப்பாக்கி வேட்டை தொடங்குவது நவம்பரில்தான். அதற்கு முந்திய ஏறக்குறைய ஐந்து வாரம் வில்லுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ராமாயண நாடகத்து வில்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரு முனையிலும் கப்பி பொருத்திய வில் அது. நாணை முழுக்க இழுத்துவிட்டால் கைக்குப் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் மான் 20, 30 கஜத்துக்குள் வந்தால்தான் குறி நிச்சயம். காற்று திரும்பி மனித வாடை பட்டதோ, மான் மாயமாகிவிடும்.

மான் மீது அம்பு எய்வதா என்று முகம் சுளிக்கிறீர்கள், இல்லையா? அம்பு பட்ட மான் பெரும்பாலும் அங்கேயே விழுவதில்லை என்பதையும் கேளுங்கள். அது ஓடும். உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். எனவே அரை மணியாவது பரணிலேயே காத்திருக்க வேண்டும். பிறகு இறங்கி, இலைகளில் சிந்திய ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு வெளிர்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அருகிலேயே கிடக்கும். பச்சையாக ஏதேனும் கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. பல மணி நேரம் பொறுக்க வேண்டும். அக்டோபரிலும் அங்கே வெயில் 90 டிகிரியைத் தொடுவதுண்டு. பொறுத்தால் இறைச்சி கெடும்; அவசரப்பட்டால் மானே கிடைக்காது, அதன் வேதனையும் நீளும். என்ன செய்வதென்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை. பணம் கொடுத்து வாங்கிய தனிமையின் விலை இதுதான் போலும்!

இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. ரத்தத் துளிகள் வேலி வரை போய், அதற்கு அப்பாலும் தொடர்ந்தால்? குத்தகை அந்த வேலியோடு முடிந்துவிட்டது. பக்கத்து நிலக்காரரின் அனுமதியின்றிக் கால் வைத்தால் அத்துமீறல். மான் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடந்தாலும், அவருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் "சரி" என்னும்வரை இந்தப் பக்கமே நிற்க வேண்டும். அவர் மறுத்துவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர்கள் வேலியோரத்து மரத்தில் பரண் கட்டுவதில்லை.